சம்மர் லீவுக்கு முன்னாடி வாலன்டியர் வேலையை விடுறதா, குறைக்கிறதா, பிரேக் எடுக்கிறதா?

பசங்களுக்கு எக்ஸாம் முடிய ரெண்டு வாரம் இருக்கும்போதே எனக்கு படபடப்பு ஆரம்பிச்சுரும். லீவுல எங்க போறதுங்கிற கவலை இல்லைங்க, நானா இழுத்துப் போட்டுக்கிட்ட வேலையை எல்லாம் யார் தலையில கட்டுறதுங்கிற கவலை. இந்த வருஷம் வரைக்கும் கைவசம் மூணு இருந்துச்சு: குடியிருப்போர் சங்கத்துல கணக்கு, லைப்ரரில வாரம் ஒரு நாள் சின்னப் பசங்களுக்குக் கதை வாசிக்கிறது, ஸ்கூல் பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின். மூணுக்கும் சம்பளம் கிடையாது, ஆனா ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் மட்டும் கரெக்டா வரும்.

நாலு லீவுக்கு நாலு விதமா ட்ரை பண்ணிப் பாத்துட்டேன். மொதல்லயே சொல்லிடறேன், எல்லா வேலைக்கும் பொருந்துற வழின்னு ஒண்ணு இல்லை. ஆனா மோசமான வழி ஒண்ணு இருக்கு, அதைத்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் நல்ல வழின்னு நெனச்சுப் பண்றோம்.

மொத வருஷம் பண்ணது டக்குனு நிறுத்துறது. "லீவு முடியற வரைக்கும் என்னால முடியாதுங்க, மன்னிச்சுக்கோங்க"ன்னு ஒரு மெசேஜ் போட்டுட்டு அப்படியே விட்டுட்டேன். ப்ளஸ் என்னன்னா வீட்டுல அன்னிக்கே வித்தியாசம் தெரியும், சாயங்காலம் ஆறு மணிக்கு நான் நிஜமாவே சும்மா உக்காந்திருந்தேன். வாட்ஸ்அப் குரூப்புக்கு இது தாராளமா போதும், அங்க நீங்க இல்லைன்னா உலகம் ஒண்ணும் நின்னுடாது. ஒண்ணு மட்டும் கவனிங்க, நீங்க ஒருத்தர்தான் அட்மின்னா வெளிய வர்றதுக்கு முன்னாடி வேற யாரையாவது அட்மின் ஆக்கிட்டு வாங்க, இல்லாட்டி வாட்ஸ்அப் அதுவா யாராவது ஒருத்தரைப் பிடிச்சு அட்மின் ஆக்கிரும், அந்த மனுஷன் குரூப்பைத் திறந்தே ஆறு மாசம் ஆகியிருக்கும். அப்புறம் இந்த சத்தமில்லாம வெளிய வர்றது 2022ல வந்துச்சு, அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும்னு நாம நிம்மதியா இருப்போம், ஆனா போனவங்க யார்னு 60 நாளைக்கு குரூப்ல இருக்கற யாரும் பாக்கலாம், அதனால நைசா நழுவுறேன்னு மட்டும் நெனைக்காதீங்க, சொல்லிட்டே போயிடுங்க.

ஆனா அதே டக்குனு நிறுத்துற வேலையை லைப்ரரில பண்ணது தப்பு. ஒரு கதையைப் பாதில விட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு மாசம் கழிச்சுப் போனப்போ லைப்ரரியன் சொன்னாங்க, ஒரு பொண்ணு மூணு வாரம் விடாம வந்து நான் நிறுத்தின பக்கத்தைத் திறந்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சாம். அந்தப் புக்குல நான் அடையாளத்துக்கு வச்ச பஸ் டிக்கெட் இன்னும் அதே பக்கத்துல இருந்துச்சு. எனக்கு அன்னிக்கு வாயே வரலை.

அந்தக் குற்ற உணர்ச்சிலதான் அடுத்த வருஷம் ரெண்டாவது வழிக்குப் போனேன், கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறது. மேல சொன்னேனே மோசமான வழின்னு, அது இதுதான். கேக்கறதுக்கு எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க, "முழுசா விடலைங்க, வாரத்துக்கு ஒரு மணி நேரம் பாத்துக்கிறேன், ஃபோன்ல இருக்கேன்". அந்த ஃபோன்ல இருக்கேன்தான் வினையே. வேலை ஒரு மணி நேரமா குறைஞ்சுது, பொறுப்பு துளிகூட குறையலை, புதுசா ஒருத்தரும் முன்வரவும் இல்லை, ஏன்னா அக்கா இருக்காங்களே! நீங்க பாதி நாற்காலில உக்காந்திருந்தா மீதிப் பாதில வேற யாரும் வந்து உக்கார மாட்டாங்க. வாட்ஸ்அப்பை ஆர்கைவ்ல போட்டும் பிரயோஜனம் இல்லை, நம்ம பேரை டேக் பண்ணினா, நம்ம மெசேஜுக்கு ரிப்ளை போட்டா, அது கூப்பிடத்தான் செய்யும்.

அந்த லீவுல குடும்பமா ஒரு நீர்வீழ்ச்சிக்குப் போயிருந்தோம். லிஃப்ட் சர்வீஸ்காரருக்கு அன்னிக்கே பணம் போகணும், சங்கத்து பேங்க் அக்கவுண்ட்ல இருக்கறது என் நம்பர், ஓடிபி எனக்குத்தான் வரும். சிக்னல் கிடைக்கிற ஒரே பாறை மேல ஏறி நிக்கிறேன், ஓடிபி வருது, நான் படிச்சுச் சொல்றதுக்குள்ள டைம் முடிஞ்சுருது, மறுபடி அனுப்பச் சொல்றாங்க. (ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சங்க நோட்டீஸ் போர்டுல எழுதி ஒட்டினதே நான்தான், அது வேற விஷயம்.) கீழ சின்னவ "அம்மா பாரு, அம்மா பாரு"ன்னு கத்துறா, நான் கையைக் காமிச்சு ஒரு நிமிஷம்ங்கிறேன். மூணாவது ஓடிபில பணம் போச்சு. திரும்பிப் பாத்தா அவ தலை முங்கி எழுந்து, துண்டைப் போத்திக்கிட்டு அவங்க அப்பா பக்கத்துல உக்காந்துட்டா. மொத தடவை தைரியமா தலையை முக்கினாளாம். நான் பாக்கலை.

மூணாவது வழி தேதி போட்டு பிரேக் எடுக்கிறது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆனா இதுக்கு முன்கூட்டியே உழைக்கணும், அதை யாரும் சொல்றதில்லை. போற தேதி, வர்ற தேதி ரெண்டையும் எழுத்துல கொடுக்கணும். வர்ற தேதியை ஸ்கூல் திறக்குற அன்னிக்கு வைக்காதீங்க, அந்த வாரம் நோட்டுக்கு அட்டை போடவே நேரம் பத்தாது, ரெண்டாவது திங்கக்கிழமைன்னு வைங்க. பதிலுக்கு வர்ற ஆளுக்கு வாயால சொல்லிக் கொடுத்தா பத்தாது, ஒரு தடவை அவங்க செய்யட்டும், நீங்க பக்கத்துல சும்மா உக்காருங்க, கையைக் கட்டிக்கிட்டு. நான் அப்படி உக்காந்தப்போதான் எவ்ளோ விஷயம் என் மண்டைக்குள்ள மட்டும் இருக்குன்னு புரிஞ்சுது, பீரோ சாவியைக் கொஞ்சம் இடது பக்கம் இழுத்துத் திருப்பணும்ங்கிறது முதற்கொண்டு. அப்புறம் கூகுள் ஷீட், இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க, ஷேர் பண்றது வேற ஓனரை மாத்துறது வேற, சாதா ஜிமெயில் அக்கவுண்ட்ல நீங்க ஓனர்ஷிப் அனுப்பினாலும் அந்தப் பக்கம் அக்செப்ட் பண்ற வரைக்கும் ஓனர் நீங்கதான்.

இதோட மைனஸ், வந்த ஆள் நல்லா பண்ணிட்டா நமக்கு லேசா வலிக்கும். வலிக்கத்தான் செய்யும், விடுங்க.

சரி, கணக்குக்கு இந்த பிரேக் சரிவருமான்னா வராது. பணம் புழங்குற பொறுப்புல பாதி லீவ்னு ஒண்ணு கிடையாது. ஒண்ணு நீங்க வச்சிருக்கணும், இல்லை முழுசா கொடுத்துரணும், அதுவும் கணக்கு முடிக்கிற சமயத்துல, ரசீதை எல்லாம் ஒட்டி, கைல இருக்கற ரொக்கத்தை ரெண்டு பேரும் சேந்து எண்ணி, அந்தத் தொகைக்குக் கீழ ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு. பேங்க்ல கையெழுத்துப் போடுற ஆளை மாத்த சங்கத் தீர்மானம், புது ஆளோட அடையாள ஆவணம் எல்லாம் கேப்பாங்க, ஒரே நாள்ல முடியாது, அதனால எக்ஸாம் டைம்டேபிள் வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுருங்க. நான் போன வருஷம் கணக்கை ஒப்படைக்கப் பாத்தேன், யாரும் முன்வரலை, பேசாம மறுபடி எடுத்துக்கிட்டேன். இந்த வருஷம் மீட்டிங்ல கணக்கு நோட்டை மேஜை மேல வச்சுட்டு என் சேருக்குப் போயிட்டேன். ஆறு நிமிஷம் யாரும் பேசலை. ஏழாவது நிமிஷம் மாடி வீட்டு சார் எடுத்துக்கிட்டாரு. அந்த ஆறு நிமிஷம் வாயைத் திறக்காம இருந்தேன் பாருங்க, அதுதான் நான் பண்ணதுலயே கஷ்டமான வாலன்டியர் வேலை.

நாலாவது வழி பசங்களையும் கூட்டிக்கிட்டுப் போறது. ஃபோட்டோவுக்கு அருமையா இருக்கும். நிஜத்துல ஒம்பது வயசுக்காரிக்கு இருபது நிமிஷத்துல போரடிச்சுரும், அப்புறம் வேலையையும் பாத்துக்கிட்டு அவளையும் பாத்துக்கணும், குடும்பத்தோட நேரம்னு பேரு, ரெண்டும் உருப்படியா நடக்காது. சங்க மீட்டிங்குக்கெல்லாம் தயவுசெஞ்சு கூட்டிக்கிட்டுப் போயிடாதீங்க.

லைப்ரரில மட்டும் கதை மாறிப்போச்சு. பெரியவளுக்குப் பதிமூணு, ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுன்னு அவளை வாசிக்கச் சொன்னேன். கரடிக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல்னு அவ மாத்தி மாத்தி வாசிச்சதுல பசங்க என் பக்கம் திரும்பவே இல்லை. இந்த லீவுக்கு அந்த ஒரு மணி நேரம் அவளோடது, லிஸ்ட்ல என் பேரை அடிச்சுட்டு அவ பேரை எழுதிட்டாங்க, லைப்ரரியன் கூடவே இருப்பாங்க. நான் உள்ள வரக்கூடாதாம், வந்தா அவளுக்குக் கூச்சமா இருக்குமாம். பத்தரைக்குக் கொண்டு போய் விட்டுட்டு, பதினொன்றரைக்கு வாசல்ல நின்னா போதுமாம்.