பழைய கோ-கார்ட்டுக்கு எந்த எஞ்சின்?

மூடப்பட்ட ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பின்கட்டில் மழையில் நனைந்து கிடந்த கோ-கார்ட்டை (தரையோடு ஒட்டி ஓடும் சிறிய திறந்த வண்டி) விலைபேசி வாங்கி, மேலூர்ப் பக்கம் மைத்துனரின் தென்னந்தோப்பில் கொண்டுபோய் இறக்கினோம். சட்டகத்தில் துரு மேலோட்டமாகவே ஏறியிருந்தது. எஞ்சின்தான் இறுகிப் போயிருந்தது. வண்டியோடு வந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினையே சரிசெய்வதா, டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 எஞ்சினைப் பொருத்துவதா, பம்புசெட்டுகளில் ஓடும் ஹோண்டா ஜி.எக்ஸ். 160 எஞ்சினை வைப்பதா என்பதே கேள்வி.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரீபோர் செய்ய, அதாவது சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் போட, மதுரையில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல்கள் காய்ந்துவிடும். அவற்றின் வழியே காற்று உள்ளே புகுந்தால் பெட்ரோல் கலவையில் காற்று மிகுந்து, சூடேறி, புதிதாகப் போட்ட பிஸ்டனும் பிடித்துக்கொள்ளும். பெயர்த்தகடே தேய்ந்துபோன எஞ்சினுக்குச் சீல் தேடி அலைய எனக்குப் பொறுமை இல்லை.

எக்ஸ்.எல். 100 மனத்தை இழுத்தது உண்மை. 99.7 சி.சி. எஞ்சின், கியர் மாற்றும் வேலை இல்லை, ஆக்சிலரேட்டரை மிதித்தால் தானே பிடிக்கும் கிளட்ச் உள்ளேயே இருக்கிறது. டி.வி.சுந்தரம் அய்யங்கார் பேருந்துத் தொழில் தொடங்கிய மதுரையில் அதன் உதிரிபாகம் கிடைக்காத தெரு அரிது. ஆயினும் இரண்டு சங்கடங்கள் உண்டு. அது எதிர்க்காற்றில் குளிரும் எஞ்சின். இருக்கைக்குப் பின்னால், தரையோடு ஒட்டினாற்போல் வைத்துத் தோப்புக்குள் மெதுவாக ஓட்டும்போது போதிய காற்று படாது. அடுத்தது, அதைத் தாங்குவதற்குச் சட்டகத்தில் புதிய தாங்கிகளை வெல்டிங் செய்தாக வேண்டும். நான் மிகவும் தயங்கியது இந்த இரண்டாவதற்குத்தான்.

கோ-கார்ட்டில் குலுங்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனும் இல்லை, வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் ஒரே வேகத்தில் சுழல்வதால், வளைவில் உட்பக்கச் சக்கரம் தரையிலிருந்து சற்றே எழும்பினால்தான் வண்டி திரும்பும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் நேராகவே தள்ளிக்கொண்டு போகும். அந்தச் சக்கரத்தை எழுப்புவதில் முன்சக்கர அமைப்போடு சட்டகத்தின் நெகிழ்வுக்கும் பங்குண்டு. 'வலுவா இருக்கட்டும்' என்று ஆங்கிளை வைத்துப் பற்றவைத்துக் கொடுக்கும் பட்டறைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார். ஆனால் நெகிழ வேண்டிய குழாய் அதனால் விறைத்துப் போகிறது. கொத்தனார் செய்வதுபோல் நூல் பிடித்துக் மூலைக்கு மூலை அளந்து பார்த்ததில், எங்கள் சட்டகம் கோணாமல் இருந்தது. அதை நான் கெடுக்க விரும்பவில்லை.

ஜி.எக்ஸ். 160 எஞ்சினின் அடிப்பாகம் தட்டையானது. குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புகளின் மேல் ஒரு தகட்டை வைத்து நான்கு போல்ட்டில் முடுக்கிவிடலாம். சட்டகத்தில் நெருப்பு படவே வேண்டாம். 163 சி.சி. கொண்ட அது நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே 10.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, எக்ஸ்.எல். தருவது 6.5. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் உள்ள விசிறியே காற்றை அடிப்பதால், நின்ற இடத்தில் ஓடினாலும் குளிர்ச்சி குறையாது.

ஆகவே ஜி.எக்ஸ். எஞ்சினையே வைத்தோம். இதில் வந்த தொல்லை, தனியாகப் பொருத்த வேண்டிய கிளட்ச்தான். தனியாக வரவழைத்த கிளட்சின் துளை முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ.; எங்கள் எஞ்சினின் தண்டோ 20 மி.மீ. "ஒரு மில்லிகூட இல்லையே சார், தண்டைத் தேய்ச்சு விட்டா ஏறிடும்" என்றார் லேத் பட்டறைக்காரர். தண்டைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கிளட்சின் துளையைப் பெரிதாக்கி, தண்டில் வழுக்காமல் பிடித்து நிறுத்தும் சாவிக்கான பள்ளத்தையும் தண்டுக்கு ஏற்பத் திருத்தி வாங்கினேன். இந்தக் கூலியையும் கிளட்ச் விலையையும் சேர்த்தால், பழைய எக்ஸ்.எல். எஞ்சினே மலிவாக முடிந்திருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கிளட்சில் 10 பல், ஆக்சிலில் 60 பல் என்று ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) வைத்தோம். டயரின் விட்டம் 11 அங்குலம். எஞ்சின் 3,600 சுற்றில் ஓடும்போது வேகம் மணிக்கு 32 கி.மீ. அளவில் நிற்கும். எஞ்சினை இந்த வரம்புக்குமேல் சுற்றவிடாமல் தடுக்கும் கவர்னரைக் கழற்றிவிடலாமே என்று மைத்துனரின் மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அந்த வரம்பைத் தாண்டிச் சுற்றினால் கனெக்டிங் ராடு முறியலாம், ஃப்ளைவீலே சிதறலாம், அதுவும் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் என்பதால், கவர்னரின் ஸ்பிரிங்கில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.