நாசிக்கா, நந்தி மலையா?

விடுமுறையில் நம்ம நாட்டு ஒயினை ருசி பார்க்க நினைக்கும் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நந்தி மலைதான் பக்கம். பெங்களூரு வரை ரயில், அப்புறம் கார். அங்கே க்ரோவர் ஒயின் ஆலையின் ‘லா ரிசர்வ்’ சிவப்பு ஒயின் பிரபலம். கபர்னே சாவிஞான், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சை வகைகள் கலந்தது. நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. தொண்டாமுத்தூர் பன்னீர் திராட்சையின் தித்திப்பை எதிர்பார்த்தால் முதல் வாயிலேயே முகம் சுளிக்கும். பள்ளிபாளையம் சிக்கனோடு குடித்தாலோ காரம் இன்னும் ஏறும்.

நாசிக் தூரம்தான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. அங்கே சூலா ஒயின் ஆலையின் செனின் பிளாங்க், அதே பெயருள்ள திராட்சையில் செய்த வெள்ளை ஒயின், லேசான இனிப்பு. நன்றாகக் குளிரவைத்துக் குடித்தால் புதியவர்களுக்கும் சுலபமாக இறங்கும், நம்ம காரத்துக்கும் ஒத்துப்போகும். போவதானால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள், அறுவடை நடக்கும். மே மாதம் போனால் குலை எதுவும் இருக்காது. வண்டி ஓட்டுபவருக்கு மட்டும் ஜூஸ்தான், சரியா?