மாம்பலத்தில் இறங்கியதும்: ரங்கநாதன் தெருவா, ஆகாய நடைபாதையா?

தீபாவளிக்குத் துணி எடுக்க மின்சார ரயிலில் வந்து மாம்பலத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்கு முன்பெல்லாம் ஒரே வழிதான்: ரங்கநாதன் தெரு. 2023 மே மாதம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். சுமார் 570 மீட்டர் நீளம். லிஃப்ட், எஸ்கலேட்டர் உண்டு. ஆகவே இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது.

நடப்பதற்கு நடைபாதைதான், சந்தேகமே இல்லை. இடிபடாமல், பர்ஸைப் பிடித்துக்கொண்டே நடக்காமல் போய்ச் சேரலாம். பஸ் பிடிக்க வேண்டியவர்கள் வேறு வழியை நினைக்கவே வேண்டாம்.

ஆனால் பொருள் வாங்க வந்தவருக்குத் தெருதான். பாவாடை, நைட்டி, ஜாக்கெட் துணி, ஹேர்கிளிப் எல்லாம் பத்தடிக்குள் கிடைக்கும். தரைக்கடையில் விலை கேட்டுவிட்டு இரண்டடி நகர்ந்து பாருங்கள், பின்னாலேயே குறைந்த விலை கூப்பிடும். சேலைக்கு ஃபால்ஸ் எடுக்கிறீர்களா? ட்யூப்லைட் வெளிச்சத்தை நம்பாதீர்கள். கடை வாசலுக்குக் கொண்டுவந்து சேலை ஓரத்தோடு சேர்த்து வெயிலில் பாருங்கள். உள்ளே ஒன்றாகத் தெரிந்த மெரூன் வெளியே இரண்டாகத் தெரியும்.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. நடைபாதை உங்களைத் தெற்கே கொண்டுபோய் விடுகிறது. பனகல் பார்க் பக்கம், 1928-லிருந்து இருக்கும் நல்லி போன்ற பட்டுக் கடைகளுக்கோ, அங்கிருந்து பாண்டி பஜாருக்கோ போக வேண்டுமென்றால் உஸ்மான் ரோட்டில் வடக்கே திரும்ப நடக்க வேண்டும். அதற்குத் தெரு வழியே கிட்டம்.

தெருவில் எனக்குப் பயமும் உண்டு. 2008-இல் அங்கே ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து உயிர்கள் போயின. பண்டிகைக் கூட்டத்தில் அந்தக் குறுகலுக்குள் தீயணைப்பு வண்டி எப்படி நுழையும்? கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை அங்கே போகவே கூடாது என்பேன். அவர்களுக்குப் போக வர இரண்டுக்கும் நடைபாதைதான்.

மற்றவர்கள் காலையில் கடை திறந்ததும் தெரு வழியாகப் போய் வேலையை முடியுங்கள். கையில் பை சேர்ந்துவிட்டதா? அதே தெருவில் எதிர்க் கூட்டத்தில் முட்டிமோத வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் லிஃப்டில் ஏறி, மேலேயே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுங்கள்.