சனிக்கிழமை மட்டும் வரும் பிளாக்செயின் ஆசிரியர்

ஈரோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித்துறைக்குத் தலைவர் நான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கிரிப்டோகரன்சியும் (பிட்காயின் போன்ற மின்பணம்) பிளாக்செயினும் (பலர் கையில் ஒரே நகலாக இருக்கும், பிறகு திருத்தினால் காட்டிக்கொடுக்கும் சங்கிலிக் கணக்கேடு) விருப்பப்பாடமாக இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் 42 பேர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நடத்தத்தான் ஆள் இல்லை. துறையில் எவரைக் கேட்டாலும், "மேடம், நான் கம்பைலர் எடுத்துக்கொள்கிறேனே" என்றார்கள். கம்பைலருக்கு இத்தனை பிரியர்கள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பகுதிநேர ஆசிரியர்களை அனுப்பும் ஏஜென்சி ஒன்றைத் தாளாளர் கைகாட்டினார். மணிக்கு 1,500 ரூபாய், பாதி முன்பணம். வந்த மனிதரின் தன்விவரக் குறிப்பில் 11 சான்றிதழ்கள் இருந்தன. முதல் வகுப்பில் நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். 2010-இல் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கிய கதை மட்டும் இருபது நிமிடம் ஓடியது. "அன்று அதை வைத்திருந்தால் இன்று..." என்று பெருமூச்சு வேறு. அடுத்து வந்த ஸ்லைடில் எத்தீரியம் என்ற பிளாக்செயின் இன்னும் மைனிங்கில், அதாவது கணினிகள் போட்டி போட்டுப் புதிர் தீர்த்துப் பதிவுகளை உறுதி செய்யும் முறையில், ஓடிக்கொண்டிருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்றே அது மைனிங்கைக் கைவிட்டு, பங்குத்தொகை வைத்து உறுதி செய்யும் முறைக்கு மாறிவிட்டது. செய்முறைக்கு அவர் குறித்துக்கொடுத்த ராப்ஸ்டன் என்ற எத்தீரியம் சோதனை வலையையும் (அசல் பணம் இல்லாமல் பழகிப்பார்க்கும் இடம்) அந்த ஆண்டின் இறுதியில் மூடிவிட்டார்கள். தரவைச் சுருக்கி அதன் கைரேகை போல எடுக்கும் எண்ணான ஹாஷ் எப்படி உருவாகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். "அது கணக்கு, தேர்வுக்கு வராது" என்றார்.

மூன்றாவது வாரம் அவர் பிள்ளைகளை ஏதோ முதலீட்டுக் குழுவில் சேரச் சொன்னதாகக் காதில் விழுந்தது. அன்று மாலையே நிறுத்திவிட்டேன். ஏஜென்சியைக் கூப்பிட்டால், "சான்றிதழ் எல்லாம் சரிபார்த்ததுதான் மேடம்" என்றார்கள். முன்பணம் திரும்பி வரவில்லை. நாங்கள் கொடுத்த 1,500-இல் அவர் கைக்குப் போனது 700 என்று பிறகு தெரிந்தது. கோபம் கொஞ்சம் தணிந்தது. அந்த ஏஜென்சியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாமவரை எங்கள் பழைய மாணவன் ஒருவன் சொல்லி அனுப்பினான். கோவையில் வங்கி மென்பொருள் எழுதுகிறார். சனிக்கிழமை மட்டும்தான் வர முடியும். இந்த முறை சான்றிதழே கேட்கவில்லை. "புரொஜெக்டர் இல்லாமல், சாக்பீஸ் மட்டும் வைத்து, ஒரு மணி நேரம் ஹாஷ் நடத்துங்கள்" என்றேன்.

வந்தவர் பையிலிருந்து ஐந்து நாற்பது பக்க நோட்டுகளை எடுத்தார். வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஐந்திலும் ஒரே சீட்டுக் கணக்கை எழுத வைத்தார். பக்கத்தின் அடியில் எல்லாத் தொகையையும் கூட்டி ஓர் எண். அதையே அடுத்த பக்கத்தின் தலையில் எழுதி, அதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். மூன்று பக்கம் நிரம்பியதும் ஒரு நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் 500-ஐ 5,000 ஆக்கினார். "எங்கெல்லாம் உதைக்கிறது, பாருங்கள்." அந்தப் பக்கத்திலிருந்து கடைசிவரை எல்லா எண்ணும் தப்பாகிவிட்டது. அனைத்தையும் திருத்தி எழுதினாலும் மற்ற நான்கு நோட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே புரிந்துகொண்டார்கள். அப்போது பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், ஒரு தொகையில் 100 கூட்டி இன்னொன்றில் 100 குறைத்தால் அதே எண்தானே வரும்?" என்றான். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். கூட்டல் போதாது, அதனால்தான் பிட்காயினில் ஷா-256 என்ற ஹாஷ் முறை என்று அங்கிருந்து பாடத்தைத் தொடங்கினார். ஒரே விடை தரும் இரண்டு வெவ்வேறு உள்ளீடுகளை அதில் இதுவரை யாரும் கண்டுபிடித்துக் காட்டவில்லை என்று அவர் சொன்னபோது அந்தப் பையன் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டான். மணிக்கு 1,200 ரூபாய், பஸ் கட்டணம் தனி. அங்கேயே பேசி முடித்துவிட்டேன்.

பிளாக்செயினைத் தூக்கிப் பிடிக்காதவர் என்பதும் எனக்குப் பிடித்தது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததல்லவா, மஞ்சள் மூட்டையைக் களத்திலிருந்து கடைவரை பிளாக்செயினில் பதியலாம் என்று ஒரு குழு திட்டம் கொண்டுவந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "வேறு ஊர் மஞ்சளை ஈரோடு மஞ்சள் என்று முதலில் பதிகிறவரே பொய் சொன்னால்?" பதிலில்லை. "அந்தப் பொய்யும் அழியாமல் பத்திரமாக இருக்கும்" என்றார். இரண்டு வாரம் கழித்து, மூட்டையை எடைபோடும் இடத்தில் மூன்று பேர் கையொப்பமிட்டால்தான் பதிவு ஏறும் என்று திட்டத்தைத் திருத்தி வந்தார்கள்.

ஆய்வகம் பரவாயில்லை ரகம். சோதனை ஈத்தர் (எத்தீரியத்தின் பணம், பழகிப்பார்க்க மட்டும்) இலவசமாகக் கொடுக்கும் தளங்களைக் கல்லூரி வலைப்பின்னல் தடுத்துவிட்டது. அவர் அலட்டிக்கொள்ளாமல் நிரல் எழுதிப் பார்க்கும் ரீமிக்ஸ் என்ற தளத்தில் உள்ளேயே கிடைக்கும் போலிக் கணக்குகளை வைத்து, எத்தீரியத்துக்கான நிரல்மொழியான சாலிடிட்டியை நடத்திவிட்டார். கணக்குக்கு 100 ஈத்தர், செலவழித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நிறுவனங்கள் தங்களுக்குள் பிளாக்செயின் அமைத்துக்கொள்ளும் மென்பொருளான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்தான் படுத்தியது. எங்கள் 4 ஜிபி நினைவகக் கணினிகளில், அதை ஓட்டத் தேவையான டாக்கர் என்ற மென்பொருள் மூச்சு வாங்கியதில் இரண்டு சனிக்கிழமை போயிற்று. பழி அவருக்கல்ல, எங்களுக்கு.

குறை இல்லாமலில்லை. திங்களன்று எழுந்த சந்தேகம் சனிவரை காத்திருக்க வேண்டும். அலுவலக வேலை நெருக்கியபோது இரண்டு வாரம் வரவில்லை. அதில் ஒரு முறை காலை ஏழு மணிக்குத்தான் சொன்னார். அகமதிப்பீட்டு விடைத்தாள்களைப் பதினெட்டு நாள் வைத்திருந்தார். மதிப்பெண் பதிவேற்றும் கடைசி நாளில் நானே உட்கார்ந்து பாதியைத் திருத்தினேன். பகுதிநேர ஆசிரியரை அமர்த்துகிறவர்கள், விடைத்தாள் திருத்துவதற்கும் சேர்த்துத்தான் சம்பளமா என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை.

அடுத்த பருவத்துக்கும் அவரையே கேட்டிருக்கிறேன். மணிக்கு 1,400 என்கிறார், திருத்தும் வேலையும் சேர்த்து. தாளாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.