குரூப் மெடிக்ளெய்ம்: புரோக்கரா, நேரடியா?

எங்கள் பட்டறையில் மொத்தம் 34 பேர். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. அதற்கு மேல் வாங்கும் 14 பேருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும்தான் குரூப் மெடிக்ளெய்ம், அதாவது கம்பெனி மொத்தமாக எடுக்கும் மருத்துவக் காப்பீடு. முதல் இரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே நேரடியாக எடுத்தோம், அப்புறம் புரோக்கர் மூலம். கணக்கு வழக்கு பார்க்கிறவன் என்பதால் இரண்டு தலைவலியும் என் மேசைக்குத்தான் வந்தன.

நேரடியாகப் போனதற்குக் காரணம் எல்லோரும் சொல்வதுதான்: நடுவில் ஆள் இல்லையென்றால் கமிஷன் மிச்சம். புரோக்கருக்கு நாம் தனியாக எதுவும் தருவதில்லை, கம்பெனிதான் பிரீமியத்திலிருந்து தருகிறது. ஆனால் நேரில் போனால் அந்தத் தொகை தானாகக் கழிந்துவிடாது. 'கமிஷன் இல்லாத ரேட் கொடுங்கள்' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டோம். 14 பேருக்காக யார் உட்கார்ந்து பேரம் பேசுவார்கள்? ரெடிமேட் பாலிசி ஒன்றை நீட்டினார்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. எந்த வழியில் போனாலும் உண்டு. 2025 செப்டம்பரில் வரி நீங்கியது தனிநபர் பாலிசிகளுக்குத்தான். அப்புறம், 'என் கமிஷனில் பாதியைத் திருப்பித் தருகிறேன்' என்று எந்த புரோக்கராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி அது குற்றம்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் வேறு எதில்? எங்கள் ஃபோர்மேனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோதுதான் புரிந்தது. கவர் 3 லட்சம். அறை வாடகைக்கு வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. அவர் போய்ப் படுத்தது 6,000 ரூபாய் அறையில். கூடுதல் வாடகையை மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். டிஸ்சார்ஜ் அன்று டி.பி.ஏ.விடமிருந்து (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைப் பார்க்கும் நிறுவனம்) வந்த தாளைப் பார்த்தால் மருந்து, பரிசோதனை தவிர, சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் வாடகை, நர்சிங் எல்லாமே பாதியாக வெட்டப்பட்டிருந்தன. அறை வரம்பு எந்த விகிதத்தில் மீறப்பட்டதோ அதே விகிதத்தில் மற்றதும் குறையுமாம். பாலிசியில் எழுதித்தான் இருக்கிறது. படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த வருடம் வந்த புரோக்கர் கேட்ட முதல் கேள்வியே, "ரூம் ரென்ட்டுக்கு கேப் இருக்கா சார்?" என்பதுதான். நான்கு கம்பெனிகளிடம் ரேட் வாங்கி, அந்த வரம்பை எடுக்க எவ்வளவு, பழைய நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே கவர் வேண்டுமானால் எவ்வளவு என்று ஒரே தாளில் போட்டுக் கொடுத்தார். ரினியூவலில் இது இன்னும் முக்கியம். சின்ன குரூப்பில் ஒரே ஒரு பைபாஸ் போதும், வாங்கிய பிரீமியத்தைக் க்ளெய்ம் தாண்டிவிடும். மறுவருடம் ரேட் எகிறும். அப்போது க்ளெய்ம் கணக்கைத் தூக்கிக்கொண்டு நாலு கதவைத் தட்ட நமக்கு ஏது நேரம்?

அதற்காக புரோக்கர் எல்லாம் தெய்வமில்லை. கையெழுத்து வாங்கும்வரை மேனேஜர் வருவார், அதன்பின் எங்களைப் போன்ற சின்னக் கணக்கு ஜூனியர் கைக்குப் போய்விடும். எங்களுக்கு ஒரே வருடத்தில் மூன்று ஜூனியர்கள் மாறினார்கள். கம்பெனியிடம் நாம் முன்பணமாகப் போட்டு வைக்கும் சி.டி. கணக்கு காலியானதை ஒருவரும் சொல்லவில்லை. அதில் பணம் இல்லையென்றால் புதிதாகச் சேர்ந்த ஆளின் பெயரை அனுப்பினாலும் கவர் தொடங்காது. அதை இப்போது நானே மாதாமாதம் பார்க்கிறேன்.

இன்னொன்று. 'இன்சூரன்ஸ் கன்சல்டன்ட்' என்று கார்டு நீட்டுகிறவர் பெரும்பாலும் ஏஜென்ட். ஏஜென்ட் கம்பெனியின் ஆள். புரோக்கர்தான் சட்டப்படி நம் பக்கத்து ஆள். இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைப்பின் தளத்தில் லைசென்ஸைப் பார்த்துவிடலாம்.

என் கணக்கு இதுதான்: எல்லோரும் இளவட்டம், பெற்றோர் கவரும் பிரசவக் கவரும் வேண்டாம் என்றால் நேரடியாகவே எடுங்கள், ரெடிமேட் பாலிசி போதும். அம்மா அப்பா, சர்க்கரை, பிரஷர் என்று வந்துவிட்டால் புரோக்கர்தான். ஆனால் அவருக்கு நியமனக் கடிதம் கொடுக்கும் முன், ஞாயிறு ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் எடுக்கப்போகும் ஆளின் மொபைல் நம்பரை வாங்கி, ஒரு ஞாயிறு ராத்திரி கூப்பிட்டே பாருங்கள். நான் அப்படித்தான் இரண்டு பேரைக் கழித்தேன்.