பழைய திங்க்பேடா, புது பட்ஜெட் லேப்டாப்பா, மேக்புக் ஏரா?

மூன்றையும் அலசிவிட்டுப் பழையதைத்தான் வாங்கினேன். 2018இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் டி480. ஏதோ ஒரு கம்பெனியில் உழைத்து முடித்து, துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டு சென்னை ரிச்சி தெருவுக்கு வந்து சேர்ந்தது. 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துச் சொச்சம். போட்டியில் இருந்த மற்ற இரண்டு: நாற்பதாயிரத்துக்குள் கிடைத்த புத்தம்புது 15.6 அங்குல லேப்டாப்; ஒரு லட்சத்தைத் தொட்ட ஆப்பிளின் மேக்புக் ஏர். வாங்கியவன் பேசுகிறேன், அதனால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் இல்லை. காரைக்குடியில் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பும் புத்தகப் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். நாள் முழுக்கத் தட்டச்சு. பிரவுசரில் ஒரு கூட்டம் டேப், இரண்டு பிடிஎஃப், அகராதி, மாலையில் பக்க வடிவமைப்புக்கான இன்டிசைன் மென்பொருள். வீடியோ எடிட்டிங் கிடையாது, கேம் கிடையாது. இந்த வேலைக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. எஸ்எஸ்டியும் 16 ஜிபி ராமும் இருந்தால் மூன்றும் ஓடும். எடையில் ஏர் ஜெயிக்கிறது, 1.24 கிலோ. திங்க்பேட் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். மேசையைவிட்டு நகராதவனுக்கு அதனால் என்ன?

மேக்புக் ஏரைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதன் திரையில் தமிழ் படிப்பது தனி சுகம். 'ணூ', 'ஞூ' மாதிரி சுழி நிறைந்த எழுத்துகள்கூடச் சின்ன அளவில் தெளிவாக நிற்கும். மெய்ப்பு பார்க்கிறவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை, கண்ணுக்குச் செய்யும் உபகாரம். ஃபேனே இல்லாததால் சத்தமும் கிடையாது. சார்ஜரை மறந்துவிட்டு ஒரு நாள் வெளியே போய்வரலாம். தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் விசைப்பலகை முறைகளும் சிஸ்டத்திலேயே இருக்கின்றன. 2025 மார்ச்சில் வந்த, எம்4 சிப் கொண்ட ஏர் 99,900 ரூபாயில் தொடங்கியது, 16 ஜிபி ராமுடன். விற்கும்போது விலை நிற்பதும் இதற்குத்தான்.

அப்புறம் ஏன் வாங்கவில்லை? பதிப்பகங்களிலிருந்து எனக்கு வரும் பழைய கோப்புகளில் பாதி பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதை வெளியிட்ட அடோபி நிறுவனமே அதைக் கைகழுவி எவ்வளவோ காலம் ஆயிற்று. தமிழ்ப் பதிப்புலகம் இன்னும் முழுசாகக் கைகழுவவில்லை. மறுபதிப்பு என்றால் அந்தக் கோப்பைத் திறந்து, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருப்பதை, இப்போது எல்லாக் கருவியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். இதற்கு விண்டோஸ் வேண்டும். மேக்கில் வேறு வழிகள் இருக்கின்றன, ஆனால் லட்ச ரூபாய் கொடுத்துவிட்டு வழி தேடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

புது பட்ஜெட் லேப்டாப்பை நான் ஒதுக்கியதற்குக் காரணம் ஹிஞ்ச். இதற்கு முன் என்னிடம் இருந்ததும் அந்த ரகம்தான். மூடியைத் தாங்கும் ஹிஞ்ச் குட்டிக் குட்டிப் பித்தளை நட்டுகளில் முடுக்கப்பட்டிருக்கும். அந்த நட்டுகள் பதிந்திருப்பதோ பிளாஸ்டிக்கில். நாளாக ஆக ஹிஞ்ச் இறுகும், திறக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக்கை இழுக்கும். ஒருநாள் இடது மூலையில் 'டக்' என்று ஒரு சத்தம். மூடியும் திரையும் பிரிந்து நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. எம்-சீல் வைத்து ஒட்டினார்கள், கொஞ்ச நாள் தாங்கியது. திரையும் சுமார்தான், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் எழுத்தைவிட என் முகம்தான் நன்றாகத் தெரியும். சில மாடல்களில் ராமைப் போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். 8 ஜிபி என்றால் கடைசிவரை 8 ஜிபிதான். 'ஆபீஸ் ஃப்ரீ சார், பேக் ஃப்ரீ சார்' என்று அடுக்கும் கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

ஆகக் கடைசியில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள், எவ்வளவு நேரத்தில்? சென்னை, கோவைக்காரர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. எங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் என்றாலே திருச்சிக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். கொடுத்துவிட்டு வந்தால் மறுபடியும் போய் வாங்கி வர வேண்டும். அதற்குள் நான் தர வேண்டிய பக்கங்கள் தேங்கிவிடும்.

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் சர்வீஸ் தம்பியிடம் முன்கூட்டியே கேட்டேன். "அண்ணே, திங்க்பேடு ஸ்க்ரூ வண்டி. மத்ததெல்லாம் கம்மு வண்டி" என்றார். அதாவது இது திருகைக் கழற்றினால் பிரியும், மற்றவை பசை போட்டு ஒட்டியவை. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. டி480இன் அடிமூடியைக் கழற்றினால் இரண்டு ராம் ஸ்லாட் கண்ணுக்கு நேரே இருக்கிறது. எஸ்எஸ்டி தனி, வைஃபை கார்டு தனி. கீபோர்டு போனால், அடிப்பக்கத்தில் இரண்டு திருகைத் தளர்த்தி, லேசாக நகர்த்தித் தூக்கினால் கையோடு வந்துவிடும். தட்டச்சு செய்தே பிழைப்பவனுக்கு முதலில் தேய்வது கீபோர்டுதான். ஏரில் கீபோர்டு மேல்பாகத்தோடு ரிவெட் அடித்துச் சேர்க்கப்பட்டது. அதை மாற்றுவது கிட்டத்தட்ட மேல்பாகத்தையே மாற்றுவதுதான், செலவும் அதற்கேற்றபடி. எல்லாவற்றையும்விட, எதை எப்படிக் கழற்றுவது என்று படம்போட்டு விளக்கும் பராமரிப்புக் கையேட்டை லெனோவோ இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. தம்பி அதைப் போனில் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்.

பேட்டரியிலும் ஒரு வசதி. உள்ளே ஒன்று, பின்பக்கம் கழற்றி மாட்டுகிற மாதிரி இன்னொன்று. உள்ளே இருப்பதில் சார்ஜ் இருந்தால், லேப்டாப்பை அணைக்காமலே பின்பக்கத்தை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மாலைதான் கரண்ட் விடும் நாள்களில் இதன் அருமை தெரியும். ஒரு குறையும் உண்டு. பழைய மாடல் ஆகிவிட்டதால் ஒரிஜினல் பேட்டரி தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது, சந்தையில் டூப்ளிகேட் மலிந்து கிடக்கிறது. யூஎஸ்பி-சி சார்ஜர் போதும் என்பதால் சார்ஜருக்கு அலைய வேண்டியதில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பார்க்க வேண்டியவை. முதலில் புராசஸர் எண். ஐ5-8250யு, ஐ5-8350யு என்று கோட்டுக்குப் பின் 8இல் தொடங்க வேண்டும். விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறைதான் குறைந்தபட்சத் தகுதி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. முந்தைய டி470 பார்ப்பதற்கு அச்சு அசல் இதேபோல இருக்கும், ஏமாந்துவிட வேண்டாம். அடுத்தது திரை. திரையின் புள்ளி அளவு 1366×768 என்றால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம், தமிழ் எழுத்து பிசிறு தட்டும். முழு ஹெச்டி ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் ரகம்) கேளுங்கள். பிறகு, ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது, திறப்பது லேசில்லை. வீட்டுக்கு வந்ததும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை, அதாவது யூஎஸ்பி-சி போர்ட்டை இயக்கும் உள் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். டி480 தலைமுறையில் அதில் கோளாறு இருந்து 2019இல் லெனோவோ திருத்தம் வெளியிட்டது. செய்யாமல் விட்டால் யூஎஸ்பி-சி போர்ட் மக்கர் செய்யக்கூடும். 2025 கடைசியில் ராம் விலை ஏற ஆரம்பித்ததால், '8 ஜிபி வாங்கிவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்ற பழைய கணக்கும் இப்போது அவ்வளவு லாபமில்லை. 16 போட்டே கேளுங்கள்.

இது இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. மதர்போர்டு போனால் கதை முடிந்தது. கடைக்காரர் தரும் ஆறு மாத வாரண்டியை நான் பெரிதாக நம்பவும் இல்லை. அப்படிப் போனாலும் இன்னொரு டி480 வாங்கி, ராம், எஸ்எஸ்டி, கீபோர்டு எல்லாவற்றையும் இதிலிருந்து அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் என் கணக்கு. இரண்டு வாங்கினாலும் ஏரின் பாதி விலை. வீடியோ வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு எடுபடாது என்றுதான் நினைக்கிறேன், அந்த வேலையை நான் இதில் செய்து பார்த்ததில்லை.

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிற தங்கை மகளுக்கு ஏரைத்தான் சொன்னேன். "மாமா, உங்களுது மாதிரி கீபோர்டு நடுவுல மவுஸுக்குன்னு சிவப்புப் பொத்தான் வச்சது மட்டும் வேண்டாம்" என்று அவளும் முன்பே சொல்லிவிட்டாள். கோவையில் தங்கிப் படிக்கிறாள், சர்வீஸுக்கு அலைச்சல் இல்லை. 2020இல் வந்த எம்1 ஏர் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது என்று லிங்க் அனுப்பியிருந்தாள். பார்த்தால் 8 ஜிபி. அதில் பிறகு கூட்ட வழியே இல்லை. கொஞ்சம் பொறுத்து, 16 ஜிபி கிடைத்தால் மட்டும் வாங்கு என்று பதில் போட்டிருக்கிறேன்.