கிண்டில்: வாங்கிய புத்தகம் யாருடையது? ஆர்வெல், பிராட்பரி துணையோடு ஒரு மதிப்பீடு

கிண்டில் என்பது அமேசான் விற்கும் மின்நூல் வாசிப்புக் கருவி. கருவியைப் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்ட இ-இங்க் திரை கண்ணை உறுத்தாது. ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், சொல்லை அழுத்தினால் அகராதி விரியும். வாசிக்கும் கருவி என்ற அளவில் கிண்டிலிடம் பெரிய குறை எதுவும் இல்லை.

குறை இருப்பது அதற்குப் பின்னால் ஓடும் சேவையில். காசு கொடுத்தபின் அந்தப் புத்தகத்தின்மேல் வாசகருக்கு எவ்வளவு பிடி, நிறுவனத்துக்கு எவ்வளவு பிடி என்று கேட்டால், பயனர் கையேட்டைவிட, கொடுங்கோல் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் டிஸ்டோப்பிய நாவல்கள்தான் தெளிவாகப் பதில் சொல்கின்றன.

ஜூலை 2009-ல் நடந்ததை இன்னும் பலர் வேடிக்கையாகத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் உரிமை இல்லாத ஒரு பதிப்பாளர் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களைக் கிண்டில் கடையில் ஏற்றியிருந்தார். விஷயம் தெரிந்ததும் அமேசான் அவற்றைக் கடையிலிருந்து எடுத்தது. அதோடு நிற்காமல், ஏற்கெனவே வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தும் அழித்தது. பணம் திரும்பி வந்தது, புத்தகம் போயே போனது. போனவற்றில் ஒன்று '1984'. பள்ளிப் பாடத்துக்காக அதில் குறிப்பெழுதி வைத்திருந்த மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அமேசானின் அப்போதைய தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, அமெரிக்காவில் பயன்படும் கருவிகளிலிருந்து இனி இப்படி அழிக்கமாட்டோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. விதிவிலக்குகளும் உண்டு: வாசகரின் சம்மதம், பணம் திரும்பக் கேட்பது, நீதிமன்ற ஆணை, கருவிக்குக் கேடான நிரல் என்று சில. அதாவது, கை நீட்டமாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தார்கள். நீட்டும் கை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆனால் அழிப்பதை ஆர்வெல்லின் உச்சம் என்று நினைப்பவர்கள் நாவலை அவசரமாகப் படித்தவர்கள். '1984'-இன் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் பார்க்கும் வேலையைக் கவனியுங்கள். பழைய செய்தித்தாளில் எதை மாற்றவேண்டும் என்று சீட்டு வரும். அவன் திருத்தி அனுப்புவான். அந்த நாளிதழ் மறுபடி அச்சாகி, பழைய பிரதி இருந்த அதே இடத்தில் போய் உட்காரும். சீட்டும் குறிப்பும் சுவரில் உள்ள துளைவழியாக உலைக்குப் போகும். எரிப்பது வேலையின் கடைசித் துண்டு மட்டுமே. கொடுமை எங்கே என்றால், திருத்தியதற்கான தடயமே மிஞ்சாமல் போவதில்தான்.

கிண்டிலில் இதற்கு இணையானது தானியங்கிப் புதுப்பித்தல். பதிப்பாளர் திருத்திய கோப்பை ஏற்றினால், வாங்கியவரின் பிரதியும் மாறக்கூடும். பெரும்பாலும் இது எழுத்துப்பிழை, உடைந்த அட்டவணை, விட்டுப்போன படம் போன்றவற்றைச் சரிசெய்யத்தான், அதில் தவறில்லை. 2023-ல் ரோல்ட் டாலின் சிறுவர் நூல்களில் பதிப்பகம் சொற்களை மாற்றியபோது, முன்பே வாங்கிய மின்நூல்களும் தாமாக மாறிவிட்டதாகச் செய்திகள் வந்தன. மாற்றம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். பழைய வடிவத்தை வைத்துக்கொள்ளும் முடிவு வாசகர் கையில் இருந்ததா என்பதுதான் இங்கே கேள்வி.

இதை அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரிக்கு நேர்ந்ததோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். புத்தகங்களை எரிப்பதைப் பற்றிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலையே, 1967-ல் பள்ளிகளுக்கான பதிப்பில் அவருக்குச் சொல்லாமல் வெட்டினார்கள். வசவுச் சொற்கள் உட்பட சுமார் 75 இடங்கள். சில ஆண்டுகளில் வெட்டிய பதிப்பு மட்டுமே விற்பனையில் இருந்தது. 1979-ல்தான் அவருக்குத் தெரியவந்தது, பிறகு முழு வடிவம் திரும்பியது. எப்படிச் சாத்தியமானது? பழைய காகிதப் பிரதிகள் வீடுகளிலும் நூலகங்களிலும் கிடந்தன. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். எல்லாப் பிரதியும் ஒரே இரவில் மாறும் அமைப்பாக இருந்திருந்தால் ஒப்பிட எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆகவே கருவி வாங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை: அமேசான் தளத்தில் கணக்கைத் திறந்து, 'கன்டென்ட் அண்ட் டிவைசஸ்' பகுதியில் 'பிரிஃபரன்சஸ்' போய், 'ஆட்டோமேட்டிக் புக் அப்டேட்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். பிறகு ஒரு நூலுக்குப் புதிய வடிவம் வேண்டுமா என்பதை நீங்களே முடிவுசெய்யலாம். இதிலே ஒரு சிக்கல் உண்டு. புது வடிவம் ஏறும்போது அடிக்கோடும் குறிப்பும் இடம் தப்பவோ தொலையவோ வாய்ப்பிருக்கிறது. அவற்றைக் காக்க 'அனோட்டேஷன்ஸ் பேக்கப்' ஓடவேண்டும். அது ஓடினால் நீங்கள் எந்த வரியில் நின்றீர்கள் என்பது அவர்கள் சர்வருக்குப் போகும். குறிப்பு பத்திரமாக இருக்கவேண்டும் என்றால் அந்தரங்கத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாகவேண்டும். ரஷ்ய எழுத்தாளர் சம்யாத்தினின் 'வீ' (நாம்) நாவலில் எல்லோரும் கண்ணாடிச் சுவருக்குள் வாழ்வார்கள், அனுமதிச் சீட்டு இருந்தால்தான் திரையை இறக்கலாம். இங்கே திரை உங்கள் கையில் இருக்கிறது. இறக்கினால் வசதி நின்றுவிடும், அவ்வளவே.

இதற்கு நடுவழி 'மை கிளிப்பிங்ஸ்' கோப்பு. கருவியை யுஎஸ்பி கேபிளால் கணினியில் இணைத்து 'டாக்குமென்ட்ஸ்' அடைவைத் திறந்தால் சாதாரண உரைக்கோப்பாக இருக்கும், நகலெடுத்துக்கொள்ளலாம். இரண்டு இடங்களில் ஏமாற்றும். கைபேசிச் செயலியில் போட்ட அடிக்கோடு இதில் வராது, அந்தக் கருவியில் போட்டது மட்டுமே வரும். அடுத்தது, ஒரு நூலிலிருந்து எவ்வளவு பகுதியை வெளியே எடுக்கலாம் என்பதற்குப் பதிப்பாளர் வரம்பு வைத்திருப்பார். அதைத் தாண்டினால், வரிக்குப் பதிலாக வரம்பு முடிந்தது என்ற அறிவிப்புதான் பதிவாகும். பக்கத்துக்குப் பக்கம் கோடு போடுபவர்கள் இதைக் கடைசியில்தான் கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

கண்காணிப்பு விஷயத்தில், '1984'-இல் வீட்டுக்குள்ளேயே ஆளை வேவு பார்க்கும் டெலிஸ்கிரீனோடு ஒப்பிடுவது மிகை. ஆர்வெல்லின் திரையை மங்கலாக்கலாம், அணைக்க முடியாது. கிண்டிலில் ஏர்பிளேன் மோட் உண்டு. ஆனால் ஜூலை 2015 முதல் கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் எழுத்தாளருக்குப் பணம் படிக்கப்பட்ட பக்கக் கணக்கில்தான் போகிறது. பக்கக் கணக்கில் பணம் தரவேண்டுமென்றால் பக்கக் கணக்கு பார்த்தாகவேண்டும். எந்த ஒற்றனும் தேவையில்லை, சம்பளப் பட்டியலே போதும்.

உண்மையில் கவலைப்படவேண்டியது கணக்கு முடங்குவதைப் பற்றி. மார்கரெட் அட்வுட்டின் 1985 நாவலான 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'-இல் பெண்களின் வங்கி அட்டைகள் ஒரே நாளில் செத்துப்போகும். பணம் எல்லாம் கணினிக்குள் போய்விட்டதால் ஒரு குறியீட்டை வைத்தே அத்தனை பேரையும் நிறுத்த முடிந்தது. கிண்டில் நூலகமும் ஒரே கணக்கில் தொங்குகிறது. கணக்கு மூடினால் வாங்கிய நூல்கள் போகும். 2012-ல் நார்வே வாசகர் ஒருவருக்கு இப்படிக் கணக்கு முடங்கியதும், செய்தி பரவியபின் திரும்பக் கிடைத்ததும் பதிவாகியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2019-ல் தன் மின்நூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பித் தந்தது, நூல்கள் மறைந்தன.

பிராட்பரியின் நாவலில் புத்தகம் எரிக்கும் தீயணைப்புப் படையின் தலைவர் பீட்டி சொல்வது இங்கேதான் உறைக்கிறது: இது அரசு மேலிருந்து திணித்ததல்ல, ஜனங்களிடமிருந்துதான் தொடங்கியது. வாங்கிய கோப்பைக் கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 26 பிப்ரவரி 2025-ல் நிறுத்தியது. அதை ஒருமுறைகூடத் தொடாதவர்களுக்கு நஷ்டம் தெரியவே இல்லை. வாங்கும் பக்கத்தில் இது உரிமம் மட்டுமே என்று எழுதியிருப்பதும் அப்படித்தான், யார் படிக்கிறார்கள்?

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். ஓரிடத்தில் நூலகத்திலிருந்து நீக்கப்பட்ட நூல் இதே கருவியில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். நாவலாசிரியர்கள் யாரும் இந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை.

வாசிப்புக் கருவியாக 5-க்கு 4½, நூலகமாக 5-க்கு 2. ஒருமுறை படித்து மறக்கும் துப்பறியும் கதைக்குக் கிண்டில் கடை தாராளமாகப் போதும். திரும்பத் திரும்பப் போகும் நூல் என்றால் காகிதத்தில் வாங்குங்கள், அல்லது நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு இல்லாத கோப்பாக வாங்குங்கள். பதிப்பாளர் கேட்டுக்கொண்டதால் பூட்டில்லாமல் விற்கப்படுகிறது என்று நூல் விவரத்தில் ஒரு வரி இருந்தால் அது அப்படிப்பட்டது. காப்புரிமை முடிந்த நூல்களுக்குப் புராஜெக்ட் குட்டன்பெர்க், ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ் என்ற இலவசத் தளங்கள் இருக்கின்றன. '1984' பல நாடுகளில் 2021-லிருந்தே பொதுவுடைமை. அமெரிக்காவில் 2044 முடியும்வரை இல்லை.

இபப் என்ற பொதுவான மின்நூல் வடிவக் கோப்பை யுஎஸ்பி வழியாக அப்படியே போட்டால் கிண்டில் திறக்காது. 'சென்ட் டு கிண்டில்' என்ற அமேசான் சேவை வழியாக அனுப்பினால் திறக்கும், ஆனால் கோப்பு அமேசான் சர்வர் வழியாகத்தான் வரும். அது வேண்டாம் என்றால் காலிபர் மென்பொருளில் கிண்டில் திறக்கும் ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றி, கேபிளால் 'டாக்குமென்ட்ஸ்' அடைவில் போடுங்கள். மூல இபப் கோப்பைக் கணினியிலும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.